ஆசிய இளைஞர்க்கு ஆடுகளம் அமைத்த துங்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

 

குற்றாலத்துச் சாரல் குற்றாலத்தோடு நின்றுவிடுவதில்லை. எங்கள் ஊர் இலஞ்சியையும் நனைத்துவிட்டுத்தான் போகும். அந்த ஈரத்தில் விளைந்த நெல்லை அறுத்து முடித்த பின், வெறும் வயலே எங்களுக்கு ஆடுகளம். நான்கு கற்களைத் தேடி வைத்தால் இரண்டு கோல்கள் ஆயிற்று. கபடியும் கைப்பந்தும் கோலோச்சும் எங்கள் பக்கத்தில் கால்பந்தை விரும்பியவர்கள் சிலரே. அந்தச் சிலருள் நானும் ஒருவன்.

என் தந்தையார் கொத்தனாருக்குக் கையாளாக வேலை செய்பவர். அன்னையார் பீடி சுற்றுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் ஆண்டில் துணைப்பாடமான கணிதத்தில் நான் தோற்றேன். தேர்வு முடிவு செல்பேசியில் வந்த அந்த மாலையில் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. அன்னையார் முறத்தை விட்டு நிமிரவில்லை. கைகள் மட்டும் இலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடலாம் என்று எண்ணினேன். பந்துதான் என்னைக் கெடுத்தது என்று முடிவு செய்து அதைப் பரணில் போட்டேன்.

மூன்று நாள் கழித்து, எங்கள் தெருவில் உள்ள மலாயாத் தாத்தா என்னை அழைத்தார். தெருவில் பந்துச் சத்தம் கேட்கவில்லையே, ஏன் என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழிலிருந்து என்றோ வெட்டியெடுத்த படம் அது. பழுப்பேறிய தாளில் தொப்பியணிந்த ஒரு பெரியவர் புன்னகை புரிகிறார். இவரைவிட அதிகமாகத் தேர்வில் தோற்றவரை நீ கண்டிருக்க மாட்டாய் என்றார் தாத்தா. அவர்தாம் மலேசியாவின் விடுதலைத் தந்தை துங்கு அப்துல் ரகுமான். அன்று தொடங்கி நான் தாத்தாவிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் அறிந்த அவர்தம் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

கடாரத்து இளவரசர்

இராசேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? அந்தக் கடாரமே இன்றைய கெடா மாநிலம் என்பர் வரலாற்றறிஞர். அதன் தலைநகரான அலோர் ஸ்டாரில் 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் துங்கு பிறந்தார். தந்தையார் கெடாவின் சுல்தான் அப்துல் ஹமீது ஹலீம் ஷா. அன்னையார் சயாமிய வழியில் வந்தவர். அந்நாளில் கெடா சயாமின் மேலாட்சியில் இருந்தது. 1909இல்தான் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

சிறுவனான துங்கு பாங்காக் நகருக்கு அனுப்பப்பட்டு அங்குள்ள தெப்சிரின் பள்ளியில் பயின்றார். பிறகு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் சேர்ந்தார். சயாமியரோடும் மலாய்க்காரரோடும் சீனரோடும் தமிழரோடும் ஒரே தெருவில் ஓடியாடி வளர்ந்த பிள்ளை அவர். பிற்காலத்தில் அவர் நடத்திய அரசியலுக்கும் அவர் அமைத்த ஆட்டங்களுக்கும் வித்து இங்கேதான் விழுந்தது என்று நான் கருதுகிறேன்.

தேர்வும் தோல்வியும்

1920இல் கெடா அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் செயிண்ட் கேத்தரின் கல்லூரியில் பயின்று 1925இல் பி.ஏ. பட்டம் பெற்றார். ஆனால் வழக்கறிஞர் ஆவதற்குரிய தேர்வில் அவர் தேறவில்லை. விரைந்தோடும் கார்களும் குதிரைப் பந்தயமும் அவருடைய நேரத்தைத் தின்றுவிட்டன. ஊர் திரும்பியவரை மீண்டும் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1931இல் அவர் திரும்பி வந்தபோதும் அந்தத் தேர்வு முடியவில்லை.

கெடா அரசுப் பணியில் சேர்ந்து லங்காவி, கூலிம் முதலிய இடங்களில் மாவட்ட அதிகாரியாக இருந்தார். 1938இல் விட்ட படிப்பைத் தொட மறுபடியும் இலண்டன் போனார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் இடையிலேயே திரும்ப நேர்ந்தது. பின்னர் ஜப்பானியர் படையெடுப்பு, பஞ்சம், துயரம். போர் ஓய்ந்தபின் அவர் என்ன செய்தார் தெரியுமா? நரை தோன்றும் அகவையில் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மீண்டும் இலண்டனுக்கே போனார். அவரைவிடப் 19 வயது இளையவரான அப்துல் ரசாக் அதே காலத்தில் அங்கே சட்டம் பயின்றுகொண்டிருந்தார். மகன் வயதுடையவர்களோடு மாணவராக இருப்பதற்கு அந்த இளவரசர் வெட்கப்படவில்லை. 1949ஆம் ஆண்டில், 45 வயது கடந்த பிறகு, வழக்கறிஞர் என்னும் தகுதியைப் பெற்றார். முதன்முதலில் இங்கிலாந்து சென்ற நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 29 ஆண்டுகள்!

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாத்தா இதைக் கூறியபோது எனக்குச் சினந்தான் வந்தது. சுல்தானின் மகன் 29 ஆண்டு தோற்கலாம். மீண்டும் மீண்டும் கப்பலேற்றிவிட ஆள் உண்டு. பீடி சுற்றுபவர் மகன் எத்தனை ஆண்டு தோற்க முடியும்? ஒரு தேர்வுக் கட்டணத்தை மறுமுறை கட்டுவதற்கு என் அன்னை எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும்? இந்தக் கேள்வியைத் தாத்தாவிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மீதிக் கதையையும் கேள் என்றார்.

விடுதலைத் தலைவர்

வழக்கறிஞராகித் தாயகம் திரும்பிய இரண்டே ஆண்டில், 1951இல், அம்னோ எனப்படும் ஒன்றுபட்ட மலாய்த் தேசிய அமைப்புக்குத் தலைவரானார். சீனர் சங்கமும் இந்தியர் காங்கிரசும் அவரோடு கைகோத்தன. 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் கூட்டணி 52 இடங்களில் 51ஐக் கைப்பற்றியது. மறு ஆண்டு இலண்டனில் பேச்சு நடத்தி விடுதலைக்கு நாள் குறித்துவந்தார். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. துங்கு முதல் பிரதமரானார். தமிழரான வீ.தி. சம்பந்தன் அவருடைய அமைச்சரவையில் இடம் பெற்றிருந்தார். 1963இல் மலேசியா பிறந்தபோதும் அவரே பிரதமர்.

நம் நாட்டின்பாலும் அவருக்குப் பரிவு உண்டு. 1962இல் சீனப் படையெடுப்பு நேர்ந்தபோது இந்தியாவுக்கு உதவ நிதி திரட்ட முன்வந்த தலைவர் அவர்.

விடுதலை அறிவிக்கப்பட்ட இடம் எது? அரண்மனையன்று, சட்டமன்றமுமன்று. அதற்கென்றே கோலாலம்பூரில் எழுப்பப்பட்ட மெர்டேக்கா விளையாட்டரங்கம்! மெர்டேக்கா என்றால் விடுதலை. அரசியலில் கட்சித் தலைவரான அதே 1951இல் மலாயாக் கால்பந்துச் சங்கத்துக்கும் துங்குவே தலைவரானார் என்பதை நினைத்தால் இது புரியும். விடுதலை ஆண்டிலேயே மெர்டேக்கா கால்பந்துப் போட்டியும் தொடங்கியது. அண்டை நாட்டு அணிகளெல்லாம் அங்கே வந்து ஆடின. நம் இந்திய அணி 1959இலும் 1964இலும் அப்போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது.

ஆசிய இளைஞர் கோப்பை

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1954இல் மணிலாவில் தோன்றியது. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகள் அதன் நிறுவன உறுப்பினர்கள். 1958இல் துங்கு அதன் தலைவரானார். 1977 வரை 19 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் ஆசிய நாடுகள் பல அப்போதுதான் அடிமைத்தளையை அறுத்திருந்தன. பெரியவர்களுக்கான போட்டிகள் இருந்தன. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தம் நாட்டுச் சட்டையணிந்து வேற்று நாட்டுப் பிள்ளைகளோடு ஆடுவதற்கு ஆசியாவில் ஓர் இடம் இல்லை. துங்குவின் முயற்சியால் 1959ஆம் ஆண்டு கோலாலம்பூரில் 20 வயதுக்குட்பட்டோருக்கான ஆசிய இளைஞர் கால்பந்துப் போட்டி முதன்முறையாக நடந்தது. தென் கொரியா கோப்பையை வென்றது. விருந்தளித்த மலாயாவுக்கு இரண்டாம் இடமே கிடைத்தது.

மலாயாத் தாத்தாவுக்கு அப்போது வயது 17. கோலாலம்பூரில் ஒரு தேநீர்க் கடையில் எடுபிடி வேலை. முதலாளியிடம் அரைநாள் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஓர் ஆட்டத்தைப் பார்த்தாராம். ஆடியவர்களுக்கும் தம் வயதுதான் என்பதை எண்ணி வியந்தாராம். மலையாளக் கரையைக்கூடக் கண்டிராத நம் ஊர்ப் பிள்ளைக்குக் கொரியா எங்கே, பர்மா எங்கே என்று யார் சொல்லித் தருவார்? பந்து சொல்லித் தந்தது என்றார் தாத்தா.

அடுத்த இருபதாண்டுகள் அந்தப் போட்டி ஆண்டுதோறும் நடந்தது. கோலாலம்பூர், பாங்காக், பினாங்கு, சைகோன், டோக்கியோ, மணிலா, சியோல், டெஹ்ரான் என்று ஆசியாவைச் சுற்றி வந்தது. இன்று கால்பந்தில் பின்தங்கிய பர்மா, 1961 முதல் 1970 வரையுள்ள பத்தாண்டுகளில் தனித்தும் பகிர்ந்தும் ஏழு முறை பட்டம் வென்றது என்றால் நம்ப முடிகிறதா? இறுதியாட்டம் சமமாக முடிந்தால் கோப்பையை இரு நாடுகளும் பகிர்ந்துகொண்ட ஆண்டுகள் உண்டு. 1961இல் பர்மாவும் இந்தோனேசியாவும், 1963இல் பர்மாவும் தென் கொரியாவும் அவ்வாறு பகிர்ந்துகொண்டன. ஒருவர் வெல்ல மற்றவர் அழிய வேண்டும் என்பதில்லை. இருவர் கையும் ஒரு கோப்பையைப் பிடிக்கலாம் என்பதை அப்பிள்ளைகள் இருபது வயதிற்குள் கற்றுக்கொண்டார்கள்.

உலக இளைஞர் கால்பந்துப் போட்டி 1977இல்தான் தூனிசியாவில் தொடங்கியது. அதாவது உலகம் விழிப்பதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே ஆசியா விழித்துக்கொண்டது! அதன்பின் ஆசிய இளைஞர் போட்டி அந்த உலகப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் வாயிலாகவும் ஆயிற்று. இன்று அது 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை என்ற பெயரில் நடைபெறுகிறது.

பாங்காக்கில் கிட்டிய பரிசு

1974ஆம் ஆண்டு அப்போட்டி பாங்காக்கில் நடந்தது. துங்கு சிறுவனாகப் பள்ளிக்குச் சென்ற அதே நகரம். ஐதராபாத்தைச் சேர்ந்த ஷபீர் அலியின் தலைமையில் இந்திய இளைஞர் அணி அங்கே சென்றது. பயிற்சியாளர், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய அருண் கோஷ். இறுதியாட்டத்தில் ஈரானை எதிர்த்து 2–2 என்று சமன் செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆசிய இளைஞர் பட்டம் இந்தியாவின் கைக்கு வந்தது அந்த ஒரே முறைதான். 2006இல் இந்தப் போட்டி நம் நாட்டிலேயே, கொல்கத்தாவிலும் பெங்களூரிலும், நடைபெற்றது. வட கொரியா வென்றது.

கிரிக்கெட் வீரர்களின் பிறந்தநாள்வரை மனப்பாடமாகச் சொல்லும் நாம், 1974இல் வென்ற அந்தப் பிள்ளைகளுள் ஒருவர் பெயரையாவது அறிவோமா? நானும் அறியேன், சென்ற ஆண்டுதான் அறிந்தேன்.

துங்கு விதைத்த கால்பந்து, மலேசியாவில் நம்மவரையும் உயர்த்தியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இருந்தார். கோல் காப்பாளர் ஆர். ஆறுமுகத்தின் பெயரை மலேசிய மக்கள் இன்றும் மறக்கவில்லை. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளராக 1978 முதல் 2007 வரை பணியாற்றிய பீட்டர் வேலப்பனும் மலேசியத் தமிழரே.

நிழலும் உண்டு

பெரியோர் வரலாற்றை எழுதும்போது ஒளியை மட்டும் காட்டிவிட்டு ஓடுவது நேர்மையாகாது. துங்குவின் ஆட்சிக் காலத்தில் 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்னும் சட்டம் 1968இல் வந்தது. 1969 மே 13இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டு உயிர்கள் பல மாய்ந்தன. எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்த விரும்பியவர் மனமுடைந்தார். 1970 செப்டம்பரில் பிரதமர் பதவியிலிருந்து விலகினார். இலண்டனில் உடன் பயின்ற அப்துல் ரசாக்கே அடுத்த பிரதமரானார்.

அந்த வேலை அனுமதிச் சட்டத்தால் நாடு திரும்பிய ஆயிரமாயிரம் தமிழருள் மலாயாத் தாத்தாவும் ஒருவர். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் எத்தனையோ. அவற்றுள் காகிதம் இருந்தவர்கள் அங்கே வேரூன்றினார்கள். காகிதம் இல்லாதவர்கள் கப்பலேறினார்கள். பத்து வயதில் ரஜூலா கப்பலில் போன தாத்தா, 28 வயதில் அதே கப்பலில் திரும்பினார். கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் இந்தப் படம்.

உங்களை அனுப்பிவிட்ட அரசின் தலைவர் படத்தையா மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: சட்டத்தால் வந்த வருத்தம் தமக்கு இன்றும் ஆறவில்லையாம். ஆனால் 17 வயதில் கண்ட அந்த ஆட்டத்தை எந்தச் சட்டமும் தம்மிடமிருந்து பறிக்கவில்லையாம். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டு வாழ்ந்தாராம். இந்த விடையைவிடப் பெரிய பாடம் எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

இறுதி நாள்கள்

பதவி துறந்த துங்கு ஓய்ந்திருக்கவில்லை. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் முதல் பொதுச் செயலாளராகப் பணியாற்றினார். பினாங்கில் வாழ்ந்து, தி ஸ்டார் நாளிதழில் தொடர்ந்து கட்டுரை எழுதினார். தம் கட்சியினரே ஆண்ட காலத்திலும் தவறென்று பட்டதைத் தவறென்று எழுதத் தயங்கவில்லை. 1987இல் அந்த நாளிதழே சில மாதம் முடக்கப்பட்டது. 1990 டிசம்பர் 6ஆம் நாள், 87ஆம் வயதில், கோலாலம்பூரில் மறைந்தார். பிறந்த கெடா மண்ணில், லங்கார் அரச கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

நான் கற்றது

தேர்வில் தோற்றவரெல்லாம் துங்கு ஆகிவிடுவார் என்று சொல்ல நான் வரவில்லை. அவருக்கு அரண்மனை இருந்தது. எனக்கு ஓட்டு வீடு. ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். காலம் கடந்து வென்ற அந்த மனிதர், இளமையில் கிடைக்கும் ஒரு வாய்ப்பின் அருமையை உணர்ந்தவராக இருந்திருக்க வேண்டும். அதனாலன்றோ, தலைமைக்கு வந்த அடுத்த ஆண்டிலேயே இருபது வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு ஆசியா முழுவதற்குமான ஓர் ஆடுகளத்தைத் திறந்துவிட்டார்! வசதியுள்ளவனுக்குத் தோல்வி ஒரு தாமதம். இல்லாதவனுக்கோ அது ஒரு முடிவாகிவிடும். அதை முடிவாக விடாமல் தடுப்பதற்குத்தான் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆடுகளங்களும் வேண்டும். கட்டணம் குறைந்த இந்த அரசுக் கல்லூரியும் என்னைப் போன்றோர்க்குத் திறந்துவிடப்பட்ட ஓர் ஆடுகளமே.

எனக்கு இப்போது வயது 20. அந்த ஆசியக் கோப்பையின் வாயில் என் போன்றோர்க்கு மூடியாயிற்று. தேர்வுக் கூடத்தின் வாயிலுக்கோ வயது வரம்பு இல்லை. துணைக் கணிதத்தை மறுபடி எழுதிவிட்டு, முடிவை எதிர்நோக்கியிருக்கும் நாளில் இக்கட்டுரையை எழுதுகிறேன். இம்முறை கட்டணத்தை மாலையில் ஒரு கடையில் வேலை பார்த்து நானே கட்டினேன். முடிவு எதுவாயினும் திருப்பூர் வண்டியில் ஏற மாட்டேன் என்று அன்னையாரிடம் சொல்லிவிட்டேன். அவர் அப்போதும் நிமிரவில்லை. ஆனால் சுருட்டிக்கொண்டிருந்த கை சற்றே நின்றது.

பரணிலிருந்து பந்தை இறக்கிக் காற்றடித்துவிட்டோம். அறுவடை முடிந்த வயலில், ஊர்ச் சிறுவர்கள் பதினொருவரைச் சேர்த்து ஞாயிறுதோறும் பழக்கி வருகிறேன். வரப்பில் ஒரு நாற்காலி போட்டு மலாயாத் தாத்தா அமர்ந்திருக்கிறார். அச்சிறுவர்களுள் எவருக்கும் இன்னும் இருபது ஆகவில்லை.